கவுனின் பின் நாடா

என் தங்கை தானாக உட்கார்ந்தாள் என்று ஆஸ்பத்திரியை நம்பவைத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து.

அவளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். பேச்சு குழறும், எனக்கு மட்டும் புரியும். மாதம் ஒருமுறை அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிங்காரப்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறுவாள். முதுகு வளையாமல் இருக்க, வார் வைத்த மரநாற்காலி ஒன்றை ஆஸ்பத்திரியில் இரவலாகத் தந்திருந்தார்கள்.

ஒரு மாங்காய்க் காலத்தில் அப்பா சொன்னார்: "இந்த வாட்டியும் ஒண்ணும் முன்னேத்தம் இல்லன்னா போறத நிறுத்திடு. புள்ளைய வெயில்ல அலைக்கழிக்காத."

பள்ளி விடுமுறை, நானும் கூடப் போனேன். அங்கே பயிற்சி தரும் அம்மையார் தங்கையைப் பாயில் உட்காரவைத்துக் கையை எடுத்துவிட்டு, எவ்வளவு நேரம் சாயாமல் இருக்கிறாள் என்று கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்கு அது பரீட்சை. வகுப்பில் முதல் மாணவனின் தங்கை தோற்கலாமா? அவள் பயப்படுவாள் என்று சொல்லிப் பின்னால் ஒட்டி உட்கார்ந்தேன். கவுனின் பின் நாடாவை விரலில் சுற்றி இழுத்துப் பிடித்தேன்.

"வி... வி..." என்றாள். விடு என்கிறாள். புரிந்தது. விடவில்லை.

"என்ன சொல்றா கண்ணு?"

"உங்க வாட்ச் நல்லாருக்குதாம்."

"அடி வாயாடி!" என்று அவர் சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தானாக உட்காரும் பிள்ளைக்கு நாற்காலி எதற்கு? வேறொரு பிள்ளை காத்திருந்தது. அப்பாவே பெருமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "அதான் உக்காந்துட்டாளே, இனிமே எதுக்கு பஸ்சு?" வீட்டில் அவள் சாய்ந்தபோதெல்லாம் ஏச்சுதான்: "அங்க உக்காந்தியே, இங்க என்ன கள்ளத்தனம்?" அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சுவரோரமாகவே வளர்ந்தாள். முதுகு ஒரு பக்கமாக வளைந்து இறுகிவிட்டது.

இப்போது ஓசூரில் என்னோடு இருக்கிறாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சென்ற ஆண்டு, அவள் முதுகுக்கு அளவெடுத்து, வார் வைத்த நாற்காலி ஒன்று செய்வித்தேன். அதில் உட்காரவைத்து, எதிரே தரையில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ணா" என்றாள். "விட்டிருந்தா விழுந்திருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதப் பாக்கத்தானே அந்தம்மா உக்காந்திருந்தாங்க."

பிறகு வாரை ஒரு துளை தளர்த்தச் சொன்னாள். தளர்த்தினேன்.