வெர்னா அத்தையின் இடது கால்

பூமி நிற்காமல் சுற்றுவதற்குக் காரணம், என் அத்தை வெர்னா ஒருநாள் காரின் கிளட்சிலிருந்து வெடுக்கென்று காலை எடுத்தபோது சக்கரம் தரையை உதைத்த உதைதான். கார் செய்தே வளர்ந்த எங்கள் அமெரிக்க ஊரான ஃபிளின்டில் இதை நம்பாதவர்கள், போட்டிக் கம்பெனியின் மஸ்டாங் கார் வைத்திருப்பவர்கள் மட்டுமே.

அத்தைக்கு அறுபத்து மூன்று வயது. வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். பள்ளிக்கூடம் என்னை மூன்று முறை துரத்தியபோதும் மறுபடி ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். சனி, ஞாயிறு என்றால் தன் 1969 கமாரோ காரை. ஒருமுறை அதன் பின்புறம் மஸ்டாங்கின் குதிரைச் சின்னத்தை ஒட்டிவிட்டேன். அத்தை கவனிக்காமல் சர்ச்சுக்கே போய்வந்தார். அப்புறம் ஒரு மாதம் என்னிடம் பேச்சில்லை, சாப்பாடு மட்டும் வந்தது.

எதிர்வீட்டு டுவேன் மஸ்டாங்காரர். மாலையானால் இருவரும் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்கள்.

"நேரா போறப்ப உன் கமாரோ நல்லாத்தான் போகுது வெர்னா. வளைவு வந்தாத்தான் ரொம்ப யோசிக்குது."

"அதுவாவது யோசிக்குது. உன் வண்டியில வண்டியும் யோசிக்கிறதில்ல, ஓட்டுறவனும் யோசிக்கிறதில்ல."

அந்த வசந்தத்தில் அத்தையின் இடது முழங்கால் வீங்கியது. கிளட்ச் மிதிக்கவே கூடாது என்றார் டாக்டர். ஆட்டோமேட்டிக் கியர் போட்டுவிடலாம் என்றாள் அத்தையின் மகள் ரோண்டா.

"கியரையும் அதுவே போட்டுக்கிட்டா, நான் எதுக்கு உள்ள?"

கடைசியில் ஓர் உடன்பாடு. ஆகஸ்டில் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலத்தில் அத்தை மூன்று மைல் ஊர்ந்து போக வேண்டும். கால் தாங்காவிட்டால் கார் டுவேனுக்கு. டுவேன் அன்றே தன் கராஜில் இடம் ஒதுக்கிவிட்டார்.

ஊர்வலத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. இஞ்சின் கத்தும், வண்டி நகராது, கருகிய வாடை வரும். கிளட்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில், பந்தயக்காரர்கள் போடும் அதே முரட்டு ரகத்தைத்தான் அத்தை மறுபடி வாங்கி வந்தார். இளகிய ஸ்பிரிங் உள்ளதைப் போடலாமே என்றேன்.

"மெத்துன்னு வேணும்னா சோபாவுல உக்காந்துக்கறேன்."

அந்தக் காலோடு அவரால் காருக்கடியில் படுக்க முடியாது. நான் படுத்தேன். கியர்பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு, அவர் வாங்கியதைக் கடையில் கொடுத்து இளகியதை வாங்கி வந்து மாட்டினேன். ஓட்டத்தில் குறைவில்லை, மிதிக்கப் பாதி பலம் போதும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஊர்வலத்தன்று நடைபாதையிலேயே கூடப் போனேன். நாற்பத்தொரு முறை நின்று நின்று கிளம்பினார். ஒருமுறைகூட வண்டி உதறவில்லை. முடிந்ததும் கதவைப் பிடிக்காமல் இறங்கினார். எங்கள் ஊர் வழக்கப்படி கறிக்குழம்பு ஊற்றிய ஒரு கோனி ஹாட் டாகை வாங்கிக் கடித்துக்கொண்டே டுவேனிடம் போனார்.

"கராஜ்ல காலியா வச்சிருக்கியே, அங்க உன் புல்லு வெட்டுற மெஷின நிறுத்திக்க."

"முழங்கால் எப்படி?"

"உன் மஸ்டாங்க விட நல்லா இருக்கு."

வீடு திரும்பியதும் கராஜ் கதவை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உள்ள என்னடா மாட்டின?"

"நீங்க வாங்கிக் குடுத்ததைத்தான் அத்தை."

"முப்பத்திநாலு வருஷமா அந்தப் பெடல மிதிக்கிறேன். நீ சாவியக் குடுத்த அன்னிக்கு, முதல் மிதியிலயே தெரிஞ்சுபோச்சு."

"சத்தியமா அதேதான்."

"பொய் சொல்றப்ப உன் மூஞ்சி ஒண்ணும் காட்டாது. காதுதான் செவக்கும்."

என் கை தானாகக் காதுக்குப் போனது.