இளவரசனின் மஹோகனி

வேங்கிக்காலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது தளத்தில் இளவரசன் இருந்தான். அரசு வேலை. ஊரடங்குக் காலத்தில் ஒரு யுகுலேலே வாங்கினான். நான்கு தந்தி போட்ட, கைக்குழந்தை அளவு கிட்டார் அது. நாலு கார்டு, அதாவது நாலு சுரக்கூட்டு, கற்றுக்கொண்டான். மேற்கொண்டு கற்க அவனுக்குப் பொழுதில்லை. அதற்குள் மர நிபுணன் ஆகிவிட்டான்.

ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் மொட்டை மாடியில் கூடி யுகுலேலே வாசிப்போம். எதிரே மலை நிற்கும். அதைப் பார்க்கவும் விடாமல் இளவரசன் பேசிக்கொண்டிருப்பான்.

"ஸ்ப்ரூஸ் மரம்னா பளிச்சுனு கேக்கும். மஹோகனின்னா ஒரு கதகதப்பு. அதெல்லாம் காது இருக்கறவங்களுக்குத்தான் புரியும்."

தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஃபரா மழலையர் பள்ளி ஆசிரியை. குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர இணையத்தில் மலிவாக ஒரு யுகுலேலே வாங்கியிருந்தாள். முதல் நாளே இளவரசன் அதைக் கேட்காமல் எடுத்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

"ப்ளைவுட்டுங்க மேடம். பசை ஜாஸ்தி, மரம் கம்மி. இதுல பாடினா பசங்க காதே கெட்டுடும்."

ஃபரா கோபப்படவில்லை. அவனுடையதை வாங்கி, நடுவில் இருக்கும் ஓட்டையின் விளிம்பில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

"சார், ஒரே பலகையா இருந்தா மேல தெரியற ரேகை இந்த ஓரத்துலயும் இறங்கியிருக்கணும். இங்க மூணு அடுக்கு தெரியுதே. மேல ஒட்டின தோல் மட்டும்தான் மஹோகனி. உங்களுதும் ப்ளைதான்."

"அது வலுவுக்கு வெச்ச பட்டைங்க" என்றான், கண்ணைக்கூட இமைக்காமல்.

அடுத்த வாரம் அந்த விளிம்பு அடர் பழுப்பாக மின்னியது. அடுக்கு ஒன்றும் தெரியவில்லை. காரணத்தை அவன் மனைவி எழில் மாடிப்படியில் வைத்துச் சொன்னாள்.

"என் நெயில் பாலிஷ் பூரா அந்த ஓட்டைக்கே போச்சுங்க. கேட்டா, மரத்துல ஈரம் ஏறக்கூடாதுன்றாரு."

நாங்கள் சிரித்தது அவன் காதுக்கும் போயிருக்க வேண்டும். மார்கழியில் உண்மையாகவே முழு மஹோகனிப் பலகையில் செய்த ஒன்றை வரவழைத்தான்.

இல்லாததைச் சொல்லக்கூடாது. அதன் நாதம் நன்றாகவே இருந்தது. ஃபரா முதலில் தன்னுடையதில் ஒரு கார்டை மீட்டினாள். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவதுபோல் கேட்டு, சட்டென நின்றது. அதையே மஹோகனியில் மீட்டினாள். ஒலி மெல்ல விரிந்து, அங்கேயே தங்கியது. அவள் முகம் மாறியது.

"நல்லா இருக்குங்க சா..."

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று இளவரசன் ஆரம்பித்துவிட்டான். அந்த மரத்தின் ஒரு சுரத்தையாவது முடிவுவரை கேட்க அவன் எங்களை விட்டதில்லை.

வாசிக்காத நேரத்தில் அதை மேற்கு வெயில் அறையும் சுவரில், வருபவர்கள் பார்க்கட்டும் என்று மாட்டிவைத்திருந்தான். அக்னி நட்சத்திரத்தில் மரம் காய்ந்து சுருங்கி, முகப்புப் பலகை நீளவாக்கில் பிளந்தது. கோடை வகுப்புக்குப் போகும் பள்ளி வேனில் நாளெல்லாம் வெந்த ஃபராவின் ஒட்டுப்பலகைக்கு ஒரு கீறலும் இல்லை.

கொஞ்ச நாளாவது வாயை மூடுவான் என்று நினைத்தோம். அந்த ஞாயிறே வந்து, ஃபராவின் யுகுலேலேயை மறுபடியும் கேட்காமல் எடுத்துக்கொண்டான்.

"நம்ம ஊரு வெயிலுக்கு ப்ளைதாங்க சரி. முழு மரம்லாம் ஏமாத்து வேலை. நான் ஆரம்பத்துலேர்ந்தே இதைத்தான் சொல்றேன்."

ஃபரா எழுந்துபோய் அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். "வேற எதுனா தட்டிப் பாருங்க சார்" என்றாள்.

அதன்பின் நாங்கள் சனிக்கிழமைக் காலையில் ஃபரா வீட்டில் கூடுகிறோம். எழிலும் வருகிறாள். கணவனிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறாள்.

ஞாயிறு மாலை இளவரசன் மட்டும் மொட்டை மாடிக்கு வருகிறான். "இந்த ஊர்ல ரசனை உள்ளவன் ஒருத்தனும் கிடையாது" என்று வாட்ச்மேனிடம் சொன்னானாம். வாட்ச்மேன் தலையாட்டிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.