துவாதசிக் கீரையும் ஐஸ் பெட்டியும்: ஃப்ரிட்ஜ் இல்லாத படகில் இரண்டு இரவு

போனவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா பத்மா, அவருடைய தம்பி சுரேஷ், சுரேஷின் மனைவி வித்யா. படகில் சேகர் என்ற ஓட்டுநரும் இன்ஜினைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இருந்தார்கள். ஆக ஏழு பேர். சமைத்தது ஒருத்தி.

நாங்கள் ஈஜிபுராவில் இருக்கிறோம். சுரேஷ் பொம்மனஹள்ளியில். பத்மா அக்கா அடுகோடியில் தனியாக இருக்கிறார், வயது அறுபத்து நான்கு. உடுப்பி கிருஷ்ணரைப் பார்க்க வேண்டும், பக்கத்துக் கழிமுகத்தில் ஓடுகிற படகு வீட்டில் ஒரு ராத்திரியாவது தூங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சென்ற மாதம் சுரேஷுக்கு அலுவலகத்தில் லீவு கிடைத்தது. மொபைலில் தள்ளுபடி பார்த்து, சனி, ஞாயிறு இரண்டு இரவுக்குப் படகைப் பிடித்துவிட்டு, எனக்கு போன் செய்தார். நான் நாள்காட்டியைத் திருப்பினேன். சனிக்கிழமை ஏகாதசி.

"சுரேஷ், பஞ்சாங்கம் பார்த்தீங்களா?"

"வெதர் பார்த்தேன் அண்ணி. மழை இல்ல."

பத்மா அக்கா ஏகாதசியில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மறுநாள் துவாதசியில், சூரியன் உதித்த பிறகு, திதி முடிவதற்குள் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் இலையில் இருந்தால்தான் வாயில் வைப்பார். அன்று துவாதசி காலை 8.20 வரைதான். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான். போன வருடம் ஒரு துவாதசியன்று விரதம் முடிக்கிற பாரணைக்கு நேரமாகி, தலை சுற்றிச் சமையலறையிலேயே விழுந்தவர். டாக்டர் சொல்லியும் விடவில்லை, நாங்கள் சொல்லியும் விடவில்லை. எனவே இந்தப் பயணத்தில் எனக்கு இருந்த ஒரே கவலை, ஞாயிறு காலை 8.20க்குள் அந்த அம்மாளின் வயிற்றில் சோறு இறங்க வேண்டும் என்பதுதான்.

படகுச் செலவு இரண்டு இரவுக்கு 17,000 ரூபாய், சாப்பாடு சேர்க்காமல். சாப்பாடு சேர்த்தால் 21,500. ஆனால் அவர்கள் சமையலறையில் மீன்தான் பிரதானம், அந்தப் பாத்திரத்தில் அக்கா கை வைக்க மாட்டார். படகுக்காரரிடம் கன்னடத்தில் பேசினேன். "நீவே அடிகெ மாட்கொள்ளி" என்றார், நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள் என்று. கேஸ் அடுப்பு உண்டு, ஃப்ரிட்ஜ் கிடையாது, ஜெனரேட்டர் ராத்திரி விளக்குக்கு மட்டும். சரி என்று பாத்திரங்களோடு கிளம்பினோம்.

ஃப்ரிட்ஜ் இல்லை என்றதும் சுரேஷ் ஒரு ஐஸ் பெட்டி வாங்கினார். 1,650 ரூபாய். நான் வாங்கிய மொத்த மளிகையும் காய்கறியும் 2,140 ரூபாய் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அதில் என்னென்ன இருந்தது என்றால், வறுத்து அரைத்த பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நல்லெண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, மோர்மிளகாய், அப்பளம், சுண்டைக்காய் வற்றல். காயில் சேனை, வாழைக்காய், சௌசௌ, உருளை. இவை நான்கு நாள் மூட்டையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தக்காளி அரைக்காய் பதத்தில். தேங்காய் முழுசாக மூன்று, துருவி எடுத்துப்போகவே கூடாது. நெல்லிக்காய் கால் கிலோ. பால், ஃப்ரிட்ஜ் வேண்டாத அட்டைப்பெட்டிப் பால் ஆறு. உறை மோர் ஒரு சின்ன மண்சட்டியில்.

அகத்திதான் தலைவலி. வியாழன் மாலை ஈஜிபுராவில் கீரைக்காரம்மாவிடம் சொல்லிவைத்து, இலையை உருவாமல் கொத்துக் கொத்தாகக் காம்போடு இரண்டு கட்டு வாங்கினேன், 40 ரூபாய். ஈரச் செய்தித்தாள், அதன்மேல் ஈர வேட்டித் துணி. பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஒரே நாளில் அழுகிவிடும். இப்படிக் கட்டிக் காற்றில் தொங்கவிட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தால் கால்வாசி பழுத்தாலும் மீதி நிற்கும்.

முந்தின ராத்திரியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட சுரேஷ், வித்யாவோடு வெள்ளி விடியற்காலை 4.40க்கு ஈஜிபுராவில் புறப்பட்டு, அடுகோடியில் அக்காவை ஏற்றிக்கொண்டு, ஹாசன், சக்லேஷ்பூர் வழியாக உடுப்பி சேர மதியம் 2.15. ஏறக்குறைய 400 கிலோமீட்டர். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாற்பது கொண்டுபோயிருந்தேன். ஹாசன் வருவதற்குள் இருபத்தாறு காலி. மதியத்துக்கும் சேர்த்துத்தான் நாற்பது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. "அக்கா, வண்டியில உக்காந்தா ஏனோ பசிக்குது" என்றாள் வித்யா என்னிடம். வீட்டில் அவள் ஒன்றரை இட்லி சாப்பிடுகிறவள்.

சாயங்காலம் தரிசனம் நன்றாக ஆயிற்று. ஜன்னல் வழியாகக் கிருஷ்ணரைப் பார்த்துவிட்டு அக்கா நகரவே இல்லை. நான் அந்த நேரத்தில் கடைத்தெருவில் அகத்தி கிடைக்குமா என்று விசாரித்தேன், கைக்காவலுக்கு இன்னொரு கட்டு இருக்கட்டுமே என்று. பசலை மலைபோல் குவிந்திருந்தது. அகத்தி கேட்டால் சிரிக்கிறார்கள். எனவே கையில் இருக்கிற இரண்டு கட்டுதான் என்று தெரிந்துபோயிற்று.

சனிக்கிழமை காலை 11 மணிக்குப் படகு ஏறினோம். ஐஸ் பெட்டியில் 240 ரூபாய்க்கு ஐஸ் கொட்டி, சுரேஷ் தன் பங்குக்குப் பன்னீர், வெண்ணெய், பாக்கெட் தயிர் எல்லாம் அடுக்கினார். மதியம் மூன்று மணிக்குத் திறந்தால் பெட்டி முழுக்கத் தண்ணீர், அதில் பன்னீர் நீந்துகிறது. நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து ஜூஸ் எடுத்தால் வேறென்ன ஆகும்? மாலைக்குள் பன்னீர் நாற்றம் எடுத்து ஆற்றுக்குப் போயிற்று.

அன்று எனக்குப் பழமும் பாலும்தான். அக்காவுக்கு அதுவும் இல்லை. முன்பக்கம் நாற்காலி போட்டு, கையில் ஜபமாலையோடு, தென்னை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மற்ற ஐந்து பேருக்கும் கோதுமை ரவை உப்புமா, சேனை வறுவல், தொக்கு. மறுநாளைக்கென்று வைத்திருந்த புளிக்காய்ச்சலையும் "சும்மா டேஸ்ட்" பார்த்துப் பாதி தீர்த்தார்கள். டீ மட்டும் ஏழு தடவை. படகு ஆடுவதற்கும் டீக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மாலை ஐந்தரைக்கு ஒரு கரையில் கட்டினார்கள். நான் உள்ளே பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தேன். சுரேஷ் கரையிலிருந்து ஏறி வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததே இல்லை.

"அண்ணி, இந்தக் குடும்பத்துல எனக்கு மட்டும் பக்தி இல்லன்னு எல்லாரும் சொல்வீங்கல்ல? இன்னிக்கு ஏகாதசியும் அதுவுமா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"என்ன பண்ணீங்க?"

"கரையில ஒரு மாடு, அண்ணி. லட்சணமா நின்னுட்டிருந்தது. அம்மா அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை குடுப்பாங்களே, ஞாபகம் வந்துச்சு. நீங்க தொங்கவிட்டிருந்தீங்கல்ல, ரெண்டு கட்டையும் அப்படியே குடுத்துட்டேன். என்னமா சாப்பிட்டுச்சு தெரியுமா! மூணு சுத்து சுத்திக் கும்பிட்டுட்டும் வந்தேன்."

என் கையில் இருந்த மோர்ச்சட்டி நல்லவேளையாகக் கீழே விழவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று கத்துவது? பசுவுக்கு அகத்தி கொடுத்தவனைத் திட்டினால் அந்தப் பாவம் எனக்கு. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகச் சாமி காரியம் ஒன்று செய்த மனிதர், அதையும் சரியாக இந்தக் கீரையில் செய்ய வேண்டுமா?

என் வீட்டுக்காரர்தான் திட்டினார். "டேய், மாடு தின்னது அக்காவோட துவாதசிச் சாப்பாடுடா!"

சுரேஷ் முகம் விழுந்துவிட்டது. "ஃப்ரிட்ஜ்ல வைக்காத கீரை, வாடிப்போச்சுன்னு மாட்டுக்குத்தான் வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

"விடு," என்றார் அக்கா, முன்பக்கத்திலிருந்தே. "காலையில கிடைச்சா சாப்பிடறேன். கிடைக்கலன்னா சாப்பிடல."

இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் மோர்ச்சட்டியை மூடி வைத்துவிட்டு வெளியே போனேன்.

சேகரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அகசெ சொப்பா? எந்தது மாராய்ரே, என்னங்க இது, அகத்தியை மாட்டுக்குத்தானே போடுவாங்க!" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, யார் யாருக்கோ போன் செய்தார். அக்கரையில் அவருடைய சின்னம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் இருக்கிறதாம். ஆனால் விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்க மாட்டார்களாம், நாமும்தான் வைக்க மாட்டோம். விடிந்ததும் தோணியில் போய்ப் பறித்து வரலாம் என்று முடிவாயிற்று.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சேகர் தோணியை எடுத்தார். "நானும் வர்றேன்" என்று சுரேஷ் தாவி ஏறினார். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம் என்றார்கள். ஏழு மணி ஆயிற்று, ஏழேகால் ஆயிற்று, ஆளைக் காணோம். சேகருக்கு லைன் போகவில்லை, சுரேஷுக்குப் போன் செய்தால் அவர் போன் படகிலேயே மெத்தையில் அடிக்கிறது. ஆற்றில் தண்ணீர் இறங்கி, அக்கரையில் சேறு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

நான் சாதம் வடித்து, பாசிப்பருப்பு வேகவைத்து, நெல்லிக்காய்ப் பச்சடி அரைத்து, சுண்டைக்காய் வறுத்து வைத்துவிட்டேன். அக்கா குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, துளசித் தீர்த்தம் எடுத்துக்கோங்க. அதுவே பாரணைதான்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்றேன்.

"இன்னும் நேரம் இருக்கே, உனக்கென்ன அவசரம்?"

"தலை சுத்தி விழுந்தீங்கன்னா?"

"விழுந்தா தண்ணியிலதானே விழுவேன். தூக்கி விடுங்க."

வித்யா அழுதேவிட்டாள். என் வீட்டுக்காரர் படகின் விளிம்பில் நின்றுகொண்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரம்போல, "சுரேஷ்! சுரேஷ்!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பெருமாளே, இன்று ஒரு நாள் காப்பாற்று, இனி நான் படகு என்று வாயைத் திறக்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

8.02க்குத் தோணி தெரிந்தது. சேகர் துடுப்புப் போட, சுரேஷ் ஒரு கொத்து அகத்தியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். இடுப்புவரை சேறு, ஒரு கால் செருப்பு இல்லை. தண்ணீர் வற்றித் தோணி தரை தட்டிவிட்டதாம், இறங்கித் தள்ளியே பாதி தூரம் வந்தார்களாம். கேட்க நேரமில்லை. ஆளுக்கு ஒரு காம்பாக இலையை உருவினோம், சேகர் உட்பட. வாணலியில் தேங்காயெண்ணெய், மிளகாய், கீரை, வெந்த பருப்பு, ஒரு கைத் தேங்காய். முற்றிய இலைக்கு இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும், எங்கே இருக்கிறது ஐந்து நிமிடம்? பெருமாளுக்குக் காட்டி இலையில் வைத்தபோது 8.14.

அக்கா கண்ணை மூடித் தீர்த்தம் குடித்தார். கீரையும் சோறுமாக ஒரு வாய். இரண்டாவது வாய். நாங்கள் நான்கு பேரும் அவர் தொண்டை இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

நைவேத்தியம் ஆகுமுன் ருசி பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இன்னும் ஒரு கைச் சோறு வைத்தேன்.

சேற்றோடு நின்ற சுரேஷ், "அக்கா, எனக்குக் கொஞ்சம் கீரை?" என்றார்.

"நீதான் நேத்தே புண்ணியம் சம்பாதிச்சிட்டியே, உனக்கெதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே தன் இலையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார். 8.30க்கு மாத்திரை போட்டுக்கொண்டார். நான் போய்ப் பின்பக்கம் உட்கார்ந்தேன். அந்த ஊர் ஆறு எவ்வளவு அழகு என்று அப்போதுதான் பார்த்தேன்.

இனிப் போகிறவர்களுக்கு. ஐஸ் பெட்டி வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல மண்பானை இரண்டு வாங்குங்கள். ஈரத்துணி சுற்றிய பானையில் எங்கள் தயிர் கடைசிவரை புளிக்கவில்லை. தினமும் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினால் போதும். மதியத்துக்குத் தயிர்சாதம் என்றால் சோற்றில் பாலை விட்டு ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள், சாப்பிடும் வேளைக்குச் சரியாக இருக்கும். சமைத்ததை மிச்சம் வைக்காதீர்கள். பொடியும் புளிக்காய்ச்சலும் கைகொடுக்கும், ஆனால் "டேஸ்ட்" பார்க்கிறவர்களுக்குத் தனி பாட்டில் கட்டுங்கள். குடிதண்ணீர் இருபது லிட்டர் கேன் மூன்று ஏற்றினோம், ஒன்று மிஞ்சியது. மளிகை, படகு, பெட்ரோல், சுங்கம், வெள்ளி ராத்திரி லாட்ஜ் எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு 31,870 ரூபாய் ஆயிற்று. ஐஸ் பெட்டியையும் அதற்கு வாங்கிய ஐஸையும் இதில் சேர்க்கவில்லை, அது சுரேஷ் கணக்கு. விரதம் இருப்பவரின் சாமானைத் தனிப் பையில் போட்டு, இது இன்னாருக்கு என்று ஏறும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்மா அக்காவுக்குப் படகு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பழைய பள்ளிக்கூடத் தோழிகள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, இந்தமுறை மூன்று இரவுக்குத் தானே முன்பணம் கட்டிவிட்டார். நடுவில் ஏகாதசி வருகிறது. தெரிந்தேதான் கட்டினாராம், ஆற்றில் ஏகாதசி இருந்தது மனசுக்கு நிறைவாக இருந்ததாம். நான் கூடப் போகவில்லை, சாமான் மட்டும் கட்டிக்கொடுக்க வேண்டும். அகத்தி இலையை நிழலில் உலர்த்தி எடுத்துப்போனால் துவாதசிப் பாரணைக்கு ஆகுமா, இல்லை பச்சைக்கீரைதான் வேண்டுமா? பச்சைதான் என்றால் மூன்று நாள் வாடாமல் வைக்க என்ன வழி? வழக்கம் தெரிந்தவர்கள் தயவுசெய்து வியாழக்கிழமைக்குள் கீழே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கிளம்புகிறார்கள்.