அம்பூரி பஸ்ஸும் கடல்காரரின் வாந்தி மாத்திரையும்

எங்கள் மருந்துக்கடைக்கு இன்று காலை கடற்கரையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேச மலையோர ஊரான அம்பூரிக்குப் போகிறார்களாம்.

"கடலு எவ்வளவு ஆட்டுனாலும் எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா. மலை பஸ்ஸில ஏறுனா வாந்தியாக்கும்," என்றார் அந்த அண்ணன்.

போன தடவை, வீட்டில் மிச்சமிருந்த வாந்தி மாத்திரையைப் போட்டும் நிற்கவில்லையாம்.

அவர் கையோடு கொண்டுவந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஒண்டான்செட்ரான். குடலிலிருந்து மூளைக்குப் போகும் வாந்திச் செய்தியைத் தடுப்பது அது. மலச்சிக்கலும் தலைவலியும் வரலாம். பஸ் வளைவுகளில் வரும் குமட்டலோ காதின் சமநிலை உறுப்பிலிருந்து கிளம்புவது. அதற்கு இது பெரிதாக உதவாது.

"பஸ்ஸுக்கு வேற மாத்திரை உண்டு. ஏறுறதுக்கு அரை மணிக்கூர் முன்ன போடணும். ஆனா தூக்கம் வரும், வாய் காயும். போட்டுட்டு இன்னைக்கு வள்ளத்தில ஏறப்பிடாது," என்றேன்.

கண்ணில் பிரஷரோ மூத்திரத் தடையோ உண்டா என்றும் கேட்டேன். இல்லையாம்.

இருந்தும் அவர் தயங்கினார். "அங்க போய் பேச வேண்டியது நானாக்கும். தூங்கி விழுந்தா எப்படி?"

அவர் மனைவி முன்னால் வந்தார்.

"அதையே குடு மக்கா. முன்ன வந்த ரெண்டு சம்பந்தமும் இவரு பேசித்தான் முடங்கிச்சு."

இங்கேயே தண்ணீர் வாங்கி, கணவர் விழுங்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

பக்கவிளைவுக்காகவே ஒரு மாத்திரை விற்றது எனக்கு இதுதான் முதல் தடவை. உங்கள் வீட்டில் யாருக்கு வேண்டும்?