திரியில் அடைத்த கறுப்புப் பொடி

பிரெஞ்சுக்காரர்களின் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியும், புதுச்சேரியில் எங்கள் மில்லில் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் கிடந்தன. அதில் ஒன்று கிராஃபைட் டப்பா. பென்சில் குச்சியை இடித்தது போல் கறுப்புப் பொடி, விரலில் வழுக்கும். எண்ணெயில் குழைத்துப் பல்சக்கரங்களில் தடவுவோம். கூச்சல் அடங்கும், பல்லும் சீக்கிரம் தேயாது.

எந்திரங்களுக்கு எண்ணெய் போடுவதுதான் என் வேலை. காலை ஷிப்ட் நான், மதிய ஷிப்ட் என் அக்கா புருஷன். அவர் சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தறிகளை ஓட்டும் ஷாப்ட், நீளமான இரும்புத் தண்டு, கூரையை ஒட்டி ஓடும். அதைத் தாங்கும் ஒவ்வொரு பேரிங்கின் தலையிலும் ஒரு எண்ணெய்க் கிண்ணம். அதிலிருந்து ஒரு கம்பளித் திரி எண்ணெயை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கும். பேரிங்குக்குள் இருக்கிற பித்தளை வளையம் முன்பு பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்தது. இப்போது வருமா என்றே தெரியாது. அதனால் பேரிங்கைச் சுடவிட்டவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும்.

ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆள் ஏணியில் ஏறி ஒவ்வொரு பேரிங்கையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்துத் தலையாட்டிவிட்டால் அப்புறம் அவன் பொறுப்பு. மாமா மட்டும் என்னிடம் தொட்டுப் பார்க்கமாட்டார். மச்சான் வேலையைச் சோதிப்பதா என்று கூச்சம். கீழே நின்றே தலையாட்டிவிடுவார்.

எனக்கு அதிகப்பிரசங்கித்தனம் ஜாஸ்தி. பல்சக்கரத்துக்கு நல்லது பேரிங்குக்கும் நல்லதுதானே என்று, ஒரு திங்கட்கிழமை கடைசி பேரிங்கின் கிண்ணத்தில் பொடியைக் கலந்து ஊற்றினேன். யாரையும் கேட்கவில்லை. செவ்வாய், புதன், கிண்ணம் குறையவே இல்லை. தேய்மானம் நின்றதால் எண்ணெய்ச் செலவும் நின்றுவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் சங்கு ஊதி, மாமா தலையாட்டி, நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கருகல் வாடை வந்தது. ஓடினேன். தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. கடைசி பேரிங்கில் புகை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் நாங்கள் 'முசே' என்று கூப்பிடும் மில் இன்ஜினீயர் ஏணிமேல் இருந்தார், மாமா கீழே.

"கிண்ணம் ரொம்பி இருக்கு. பொகை வந்தப்புறம் ஊத்திட்டு என்னையே ஏமாத்துறியா?"

"இல்ல முசே. நான் இன்னும் தொடவே இல்ல."

"தொடவே இல்லியா? அப்ப நாளைலேர்ந்து வராத."

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. எண்ணெயை உறிஞ்சிய திரியில் பொடி அப்பிக்கொண்டு வழியை அடைத்துவிட்டது. மீதிப் பொடி அடியில் படிந்து, மேலே எண்ணெய் தெளிவாகக் கிடந்தது. ஒரு சொட்டும் இறங்காமல் பித்தளை காய்ந்து எரிந்திருக்கிறது.

சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது, நாக்கு எழவில்லை. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். வேலையில்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இன்ஜினீயரே திரியை எடுத்துப் பார்த்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது, பார்க்காமல் போய்விட்டால் தேவலை என்றும் இருந்தது. அவர் பார்க்கவில்லை. இறங்கி நடந்தார்.

மாமா ஓடிப்போய் அவர் காலில் விழுந்தார். அத்தனை தறிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு புள்ளைங்க முசே."

"முசே, திரிய எடுத்துப் பாருங்க" என்று அப்போதுதான் கத்தினேன். "கிராஃபைட்ட போட்டது நான்."

திரி கறுத்து, கட்டையாக வந்தது. இன்ஜினீயர் மாமாவை எழுந்திருக்கச் சொன்னார். எனக்கு வாசலைக் காட்டினார்.

மாமா வேட்டியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"மன்னிச்சிடுங்க மாமா. தெரியாம போட்டுட்டேன்."

"போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல மச்சான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நான் கால்ல உழுற வரைக்கும் பாத்துக்கினு நின்னியே."