நைனாவின் பறியும் என் கம்ப்யூட்டரும்

பார்ட்ஸ் வாங்கி நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இது. ஒரு நாள் ஓடும், மறுநாள் பட்டனை அழுத்தினால் உயிரே இருக்காது.

ரேமை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். திருஷ்டிகூடச் சுற்றிப் போட்டேன்!

இன்று காலை வேலை முடித்து அணைத்துவிட்டு, டீ குடித்துத் திரும்பினால், ஏரியில் கையால் இறால் பிடித்துவிட்டு வந்த நைனா, இறால் போடும் ஓலைப் பறியைக் கம்ப்யூட்டர் கேபினட் மேல் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். மேலே இருக்கும் காற்றுத் துளைகள் வழியாக ஏரித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்குகிறது.

"நைனா! இன்னா பண்றே?"

"நீ ஆஃப் பண்ணாலும் மேல கதகதன்னு கீதும்மா. பறி சீக்கிரம் காஞ்சிடுது. ஏரிக்குப் போற அன்னிக்கெல்லாம் இங்கதான் வெக்கிறேன்."

அப்போதுதான் உறைத்தது. அவர் ஏரிக்குப் போகாத நாளுக்கு மறுநாள் மட்டும்தான் இது ஓடியிருக்கிறது!

துடைத்து, ரேமின் முனையை ரப்பரால் தேய்த்து, ஃபேன் காற்றில் காயவைத்து, மாலையில் பட்டனை அழுத்தினேன். ஓடியது! நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

நைனா முகம்தான் வாடிவிட்டது.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சி குடும்மா. ஓடாட்டியும் பரவால்ல, சூடானா போதும்."

நண்பர்களே, இருப்பதிலேயே படுமோசமாகச் சூடாகிற கிராபிக்ஸ் கார்டு எது? நைனாவுக்குத்தான்.