ஹோலில் கட்டிய வெள்ளை

என் தங்கையின் உடற்பயிற்சி நிலையத்துக்கு முதல் நாள் முதலாவதாக வந்த பெண், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "எப்ப நடந்தது?" என்று கேட்டார். அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான். அந்த இடத்தை அலங்கரித்தவன் நான்.

படியேறினால் மூச்சு வாங்குகிற ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தது தங்கையின் பிழை என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. வீடுகளின் உள்ளழகைப் பற்றி நாலைந்து புத்தகம் வாசித்துவிட்டு, வேலைபார்க்கும் கந்தோரில் தேநீர் நேரத்தில் வெளி, ஒளி, வெறுமை என்று விளாசிக்கொண்டிருந்தேன். இவ்வளவு கதைக்கிறவனுக்கு ஒரு தண்டனை வேண்டும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

தங்கை பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பித்தவள். அம்மாவுக்கு நடை தளர்ந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, மன்னார் டவுனில் எங்கள் வீட்டிலேயே அம்மாவோடு இருந்தாள். வீட்டை விட்டு நகராமல் செய்வதற்கு அவளுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்: முன் ஹோலில், வாசலை ஒட்டிய பெரிய அறையில், ஏழெட்டுப் பெண்களுக்கு உடற்பயிற்சி. இரும்புத் தண்டுகள் கிடந்து சத்தமிடுகிற ஜிம் அல்ல. சின்னதாக, பார்க்க வடிவாக, ஆஸ்பத்திரித் தாதிமாரும் ஆசிரியைகளும் வேலை முடிந்து வந்து கொஞ்சம் மூச்சு விட்டுப் போகிற இடம்.

சிக்கல் அந்த ஹோல்தான். அதை அம்மா தம்பிக்காக வைத்திருந்தார்.

தம்பி யுத்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாரில் படகேறினான். படகு அக்கரை சேரவில்லை, இக்கரைக்கும் திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் செத்தவீடென்றால் பிரேதம் வைக்கிற ஹோலில் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர் சிலர் அந்தத் துணியோடு வந்தார்கள். அம்மா வாசலை மறித்து நின்றார். "உடம்பைக் கொண்டுவாங்கோ, கட்டுவம்" என்றார். துணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன்பிறகு அந்த ஹோலில் ஒரு கதிரைகூட இடம் மாறவில்லை. இரவுச் செபத்தில், கடலில் இருப்போருக்காகவும் பயணத்தில் இருப்போருக்காகவும் வேண்டுகிற இடத்தில் அம்மா தம்பியின் பெயரைச் சேர்ப்பார். ஹோலில் எவருடைய காலடி கேட்டாலும் பின்னறையில் செபமாலை உருட்டும் கை நின்றுவிடும். நரைத்த தலையோடு இன்றைக்கும் நான் அந்த ஹோலைச் சுவரோரமாகத்தான் கடக்கிறேன். நடுவில் யாருக்கோ வழி விடுகிற பழக்கம்.

தங்கை பல மாதம் கெஞ்சினாள். கடைசியில் அம்மா, "சரி, ஹோலைப் பாவியுங்கோ. அவன் வந்தா எடுத்துக் குடுக்க வேணும்" என்றார். அம்மா மனம் மாறினால் தங்கைக்கு வேறு இடமில்லை. அது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். வெட்கமும் அதுதான்.

தங்கை பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்புக்குப் போயிருந்த நாட்களில் வேலையைத் தொடங்கினேன். ஏதோவொரு குளிர்நாட்டு உடற்பயிற்சி ஸ்ரூடியோவின் படம் கைபேசியில் கிடைத்தது: கூரையிலிருந்து மேகம்போல இறங்கும் வெள்ளைத் துணி. சொக்கிப்போனேன். துணி வாங்கி மூலைக்கு மூலை இழுத்துக் கட்டினேன். சொல்லிக்கொடுக்கிறவளை எல்லோரும் எல்லாப் பக்கமும் பார்க்கட்டும் என்று நடுவில் ஒரு மேடை, முழங்கால் உயரம், ஓர் ஆள் நீளம். படுத்துக் காட்டவும் வேண்டுமல்லவா. மேடையின் நாலு மூலைக்கும் உயரமான விளக்குகள். காலணி மாற்றுவதற்குச் சுவரோரமாகக் கதிரைகள். மன அமைதிக்கு ஊதுபத்தி. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நியாயம் இருந்தது.

தச்சர் மேடையை இறக்கி வைத்துவிட்டு, "தலைமாடு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். காலை வெளிச்சத்தை நினைத்து நான் கிழக்கைக் காட்டினேன்.

எல்லாம் முடிந்த பின்னேரம் தனியே நின்று பார்த்தேன். யன்னல்கள் பூட்டியிருந்தன. ஆனாலும் துணி மெல்ல ஏறி இறங்கியது, கீழே படுத்திருக்கும் யாரோ மூச்சு விடுவதுபோல. எனக்குப் பின்கழுத்து குளிர்ந்தது. அதைக் கலை அனுபவம் என்று எடுத்துக்கொண்டேன்.

தொடக்க நாளன்று தங்கையின் பஸ் பிந்திவிட்டது. அவளும் அந்த முதல் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வாசலுக்கு வந்தார்கள். தங்கை உள்ளே பார்த்தாள். "அண்ணா" என்றாள். துணியை அவிழ்க்க நேரமில்லை, மற்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். புதுக் காற்சட்டையும் தண்ணீர்ப் போத்தலுமாகக் கலகலவென்று வெளிப் படலையைத் திறந்தவர்கள், வாசலைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சுவரோரக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு எடுக்கிறதென்று விசாரித்தார்.

அந்த நேரத்தில் பின்னறைக் கதவு திறந்தது. தூசி என்று சொல்லி அத்தனை நாளும் நான் ஹோலுக்கு வரவிடாமல் வைத்திருந்த அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். துணியைப் பார்த்தார். விளக்குகளைப் பார்த்தார். மேடையை நெடுநேரம் பார்த்தார்.

"வந்திட்டானோ?"

ஒருவரும் அசையவில்லை. துணி மட்டும் ஏறி இறங்கியது.

"இல்லை அம்மா. வரேல்லை" என்றாள் தங்கை. அந்த வீட்டில் அந்தச் சொல்லை அதற்கு முன் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அப்ப ஆருக்குக் கட்டினது?"

வாசித்த புத்தகம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. "சும்மா வடிவுக்கு, அம்மா" என்றேன்.

"வடிவுக்கு" என்று அம்மா மெதுவாகத் திருப்பிச் சொன்னார். இனி ஹோல் இல்லை என்று தங்கையின் முகத்தில் எழுதியிருந்தது. அம்மா ஒரு கதிரையில் இருந்தார். "கட்டினதைச் சும்மா அவிழ்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் செபமாலையை எடுத்தார்.

வந்திருந்த பெண்கள் முழந்தாளிட்டார்கள். முஸ்லிம் தாதி ஒருவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து இருந்தார். தங்கையும் நானும் மேடைக்கு இரண்டு பக்கமும், வெறும் பலகையைப் பார்த்தபடி. பிரயாணிகளுக்காக வேண்டுகிற இடம் வந்தபோது பழக்கத்தில் எனக்குத் தம்பியின் பெயர் வாயில் வந்துவிட்டது. அம்மா சொல்லவில்லை. அதைத் தாண்டிப் போனார். மரித்த ஆத்துமங்களுக்கு என்ற இடத்தில், குரலை ஏற்றாமல் இறக்காமல், அப்பாவின் பெயருக்கு அடுத்ததாக அவன் பெயரைச் சொன்னார். தங்கை பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

செபம் முடிந்ததும் அம்மா துணியை அவிழ்க்கச் சொன்னார். பெண்களே கதிரைகளில் ஏறி அவிழ்த்தார்கள். அன்று செய்த உடற்பயிற்சி அவ்வளவுதான்.

தங்கை சுவர்களுக்கு இளநீலம் பூசி, மேடையைப் பின்பக்கம் தள்ளினாள். ஹோல் அவளிடமே இருக்கிறது. அம்மா மூலைக் கதிரையில் இருந்து தினமும் வகுப்பைப் பார்க்கிறார். காலடி கேட்டால் இப்போது கை நிற்பதில்லை. இரண்டு மாதம் போன பிறகு ஒரு பின்னேரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனதில் பல தடவை எழுதித் திருத்தி வைத்திருந்ததை அம்மாவிடம் சொன்னேன்: நான் அறியாமலே என் கைகள் அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டன, அந்த அறையே என்னைக் கொண்டு அதைக் கட்டுவித்தது, இப்படி.

அம்மா பெண்களில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதை விடு. இவளவை வரத் தொடங்கி ரெண்டு மாசமாகுது. ஒருத்தியும் மெலியேல்லை" என்றார்.